நாலு கிண்ணத் தட்டும் ஊதா மருந்தும்: மடிநோய் சோதனை கிட் வாங்கலாமா?

மடி வீங்கி, பால் திரிந்து, கை வைத்தாலே மாடு உதைக்கிற நிலைமை வந்துவிட்டால் அது மடிநோய் என்று சொல்ல எந்தக் கிட்டும் வேண்டாம். கிட் தேவைப்படுவது அதற்கு முந்தைய கட்டத்தில். பால் வெள்ளையாகவே இருக்கும், மடி மெத்தென்றே இருக்கும், ஆனால் நாலு காம்பில் ஒன்று மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வீட்டுக்காரர் தவிட்டைக் குறை சொல்வார், கறப்பவர் வெயிலைக் குறை சொல்வார். இந்த மறைமுக மடிநோயைக் கொட்டகையிலேயே பிடிப்பதற்குத்தான் சி.எம்.டி. கிட், அதாவது கலிபோர்னியா மடிநோய் சோதனை. 1957இல் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் அங்கே உருவாக்கிய முறை. இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

பெட்டியைத் திறந்தால் இரண்டே சாமான். கைப்பிடி வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று, அதில் ஆழமில்லாத நாலு கிண்ணம். கூடவே ஒரு பாட்டில் ஊதா மருந்து. மருந்தின் உள்ளடக்கம் எளிது. சோப்புத்தூள் வகையைச் சேர்ந்த ஒரு டிடர்ஜென்ட், கூடவே புரோமோகிரசால் பர்ப்பிள் என்ற சாயம். மடியில் கிருமி புகுந்தால் அதை எதிர்க்க வெள்ளையணுக்கள் பாலுக்குள் இறங்கும். டிடர்ஜென்ட் அந்த அணுக்களின் தோலைக் கரைத்துவிடும். உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியே வந்து இழை இழையாகப் பின்னிக்கொண்டு பாலைக் கெட்டியாக்கும். அணு எவ்வளவு அதிகமோ, கோழை அவ்வளவு கெட்டி. சாயம் புளிப்புத்தன்மையைக் காட்டுகிறது. நோய்கண்ட பால் காரத்தன்மை பக்கம் போவதால் ஊதா கூடுதலாக அடர்ந்து தெரியும். நிறம் துணைச் சாட்சிதான். தீர்ப்பைக் கோழையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்கிறவர்கள் நிறையப் பேர், தவறுவதும் அங்கேதான்.

செய்முறை இது. கறவைக்கு முன்னால் செய்ய வேண்டும், கறந்து முடித்த பிறகு அல்ல. கடைசியில் சொட்டும் பாலில் கொழுப்பும் அணுக்களும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மடியைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சலை ஒரு கறுப்புக் கிண்ணத்தில் விட வேண்டும். அதிலேயே திரிதிரியாகக் கட்டி தெரிந்தால் சோதனை முடிந்தது, மருந்தை வீணாக்க வேண்டாம். கட்டி இல்லையென்றால் தட்டை மடிக்கு அடியில் பிடித்து, காம்புக்கு ஒரு கிண்ணம் என்று பீச்சுங்கள். கைப்பிடி மாட்டின் தலைப்பக்கமா வால்பக்கமா என்பதை முதல் நாளே முடிவு செய்துகொண்டு கடைசிவரை மாற்றாமல் இருங்கள். மாற்றினால் எந்தக் கிண்ணம் எந்தக் காம்பு என்று குழம்பி, நல்ல காம்பில் ஊசிமருந்து ஏறிவிடும்.

இனி அளவு. தட்டைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகச் சாய்த்தால் மிச்சப் பால் கொட்டிவிட்டு, கிண்ணத்துக்குள் போட்டிருக்கும் கோடுவரைக்கும் சுமார் 2 மில்லி நிற்கும். அதே அளவு மருந்து ஊற்ற வேண்டும். பாலும் மருந்தும் சரிக்குச் சரி. மருந்து குறைந்தால் அணுக்கள் முழுக்கக் கரையாது, நோயுள்ள காம்பும் நல்லதாகத் தெரியும். பிறகு தட்டைத் தரைக்கு இணையாகப் பிடித்து, சல்லடையில் மாவு சலிப்பதுபோல் மெதுவாக வட்டமாக 10 முதல் 15 விநாடி சுழற்ற வேண்டும். குலுக்கக் கூடாது. குலுக்கினால் நுரை எழுந்து கோழையை மறைத்துவிடும். சுழற்றிக்கொண்டே பார்த்து, 20 விநாடிக்குள் முடிவைச் சொல்லிவிட வேண்டும்.

பார்ப்பதில்தான் கை தேர வேண்டும். நல்ல பால் தட்டைச் சாய்த்த பக்கமெல்லாம் தண்ணீராக ஓடும், அடியில் எதுவும் மிஞ்சாது. அடுத்தது 'ட்ரேஸ்' நிலை. சாய்க்கும்போது கிண்ணத்தின் அடியில் வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் நிற்பதுபோல் மெல்லிய இழை ஒன்று தெரியும், இன்னும் சுழற்றினால் மறைந்துவிடும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நாலு கிண்ணத்துக்கும் மருந்து ஊற்றி முடிப்பதற்குள் முதல் கிண்ணத்தின் நேரம் போய்விடுகிறது. நாலுக்கும் சடசடவென்று ஊற்றிவிட்டு ஒரே நேரத்தில் சுழற்றுவதுதான் வழி. ட்ரேஸுக்கு மேலே 1, 2, 3 என்று படிகள். 1 என்றால் திட்டவட்டமாகக் கெட்டிப்படும், ஆனால் திரளாது. 2 என்றால் ஊற்றிய உடனே கெட்டியாகி, சுழற்றும்போது நடுவை நோக்கி நகரும். சுழற்றுவதை நிறுத்தினால் மீண்டும் பரவிவிடும். 3 என்றால் இளநுங்குபோல நடுவில் மேடாகத் திரண்டு நிற்கும், தட்டைச் சாய்த்தாலும் ஒரே கட்டியாக வழுக்கும்.

எண்ணிக்கையில் சொன்னால், ஒரு மில்லி பாலில் 2 லட்சம் அணுவரை இருந்தால் 'இல்லை', 1.5 முதல் 5 லட்சம்வரை ட்ரேஸ், 4 முதல் 15 லட்சம்வரை 1, 8 முதல் 50 லட்சம்வரை 2, அதற்கு மேல் 3. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதைக் கவனியுங்கள். தராசில் நிறுத்ததுபோல் துல்லியம் இதில் கிடையாது, இது கண் மதிப்புதான். ஆரோக்கியமான காம்புக்கு 2 லட்சம்தான் பொதுவாக ஒப்புக்கொண்ட வரம்பு.

காம்பு காம்பாகப் பார்க்காமல் கேனிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தால் போதாதா என்று சொசைட்டிப் பக்கம் கேட்கிறார்கள். போதாது. நாலு காம்பும் சமமாகப் பால் தருகிற ஒரு மாட்டில் மூன்று காம்பில் தலா 1 லட்சம் அணு, ஒன்றில் மட்டும் 12 லட்சம் என்று வையுங்கள். கலந்த பாலில் 3.75 லட்சம்தான் வரும். தட்டில் அது ட்ரேஸ். மங்கிய வெளிச்சத்தில் பார்த்தால் அதுவும் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு மாட்டுப் பாலை இன்னும் பத்து மாட்டுப் பாலோடு கலந்தால் நோய் பாலுக்குள் ஒளிந்துகொள்ளும். கிட்டின் மதிப்பே அந்த நாலு தனித்தனிக் கிண்ணத்தில்தான் இருக்கிறது.

பொய்யாகக் கோழை காட்டும் சந்தர்ப்பங்கள் உண்டு. கன்று போட்ட முதல் பத்து நாளில், சீம்பாலும் அதைத் தொடர்ந்து வரும் பாலும் ஏறக்குறைய எல்லா மாட்டிலும் கெட்டிப்படும். கறவை வற்றும் கட்டத்தில், பால் குறைந்த மாட்டிலும் அப்படித்தான். இதற்கு ஒரு குறுக்குவழி: நாலு கிண்ணமும் ஒரே மாதிரி கெட்டிப்பட்டால் முதலில் மாட்டின் பருவத்தைச் சந்தேகியுங்கள், ஒரு கிண்ணம் மட்டும் தனித்து நின்றால் அந்தக் காம்பைச் சந்தேகியுங்கள். எதிர்ப்பக்கம் போகும் தவறும் உண்டு. முந்தின மாட்டுக்குப் பார்த்துத் தட்டைக் கழுவிவிட்டு, தண்ணீரை உதறாமல் அடுத்த மாட்டைப் பார்த்தால் மருந்து நீர்த்து, 1 என்பது 'இல்லை' என்று மாறும். எடுத்துவைத்த பாலில் செய்வதானால் குளிரில் வைத்து 36 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். அதற்கப்பால் அணுக்கள் தாமாகவே சிதைந்துவிடும்.

செலவு பற்றி. காம்புக்கு 2 மில்லி என்றால் மாட்டுக்கு 8 மில்லி மருந்து. கை தவறிக் கொஞ்சம் கூடும், 10 மில்லி என்றே வைத்துக்கொள்ளலாம். அரை லிட்டர் கலந்த மருந்தில் 50 முறை மாடு பார்க்கலாம். ஐந்து மாடு வைத்து மாதம் இரண்டு முறை பார்ப்பவருக்கு ஐந்து மாதம் வரும். பல கிட்களில் மருந்து கெட்டிச் சாறாகத்தான் வருகிறது, நாம் நீர் சேர்த்துக் கலக்க வேண்டும். லேபிளில் எத்தனை பங்கு என்று போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு, ஒரு கடைக்காரர் சொன்னதை இன்னொரு கம்பெனி பாட்டிலுக்குப் பொருத்தக் கூடாது. கலக்குகிற தண்ணீரில்தான் நம்மூர்ச் சிக்கல். கடலூர் முதுநகர், அரியாங்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் பல போர்த் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கும். துணி துவைத்தால் நுரை வராத அந்தத் தண்ணீரில் டிடர்ஜென்ட்டின் ஒரு பகுதி சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து படிந்துவிடும், மருந்து பலம் இழக்கும். கேன் தண்ணீரில் கலக்குங்கள். கலந்த பாட்டிலை வெயிலில், ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம். பழைய பாட்டில் வேலை செய்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் வெளிப்படையாக மடிநோய் கண்ட ஒரு காம்பின் பாலில் போட்டுப் பாருங்கள். அதில்கூடக் கெட்டிப்படவில்லை என்றால் பாட்டிலைக் கொட்டிவிடலாம்.

கிட் வாங்க முடியாதவர்களுக்கு சோப்புத்தூள் வழி இருக்கிறது. 100 மில்லி நல்ல தண்ணீரில் 3 கிராம் துணி சோப்புத்தூள், அதாவது 3 சதவீதக் கரைசல், பாலுக்குச் சமமாக. கால்நடைப் படிப்பில் இதற்கு சர்ஃப் சோதனை என்றே பெயர். தத்துவம் அதேதான், கோழையும் அதே கோழைதான். சாயம் இல்லாததால் வெள்ளைத் தட்டில் வெள்ளைப் பாலில் ட்ரேஸைப் பிரித்தறிவது சிரமம். 2, 3 தப்பாது, 1 பெரும்பாலும் சிக்கும், ட்ரேஸ் கைநழுவும். ஒவ்வொரு தூளிலும் சரக்கு வேறு வேறாக இருப்பதால் ஒரு தூளில் பழகிய கண் அடுத்த தூளில் ஏமாறும். கிட் தீர்ந்துபோன வாரத்துக்கு இது போதும். நிரந்தர ஏற்பாடாக எங்கள் சிபாரிசு இல்லை. பாலில் நனைத்ததும் நிறம் மாறும் காகித அட்டைகளும் கிடைக்கின்றன. அவை காரத்தன்மையை மட்டுமே பார்ப்பவை, ஆரம்பக் கட்டத்தில் கோட்டைவிடும். அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கிட்டுக்கு 5க்கு 4 கொடுக்கலாம். அந்த ஒரு மதிப்பெண்ணைக் கழித்ததற்குக் காரணம் கிட் அல்ல, பெட்டிமேல் அச்சடித்திருக்கும் நம்பிக்கை. 'நோயைக் கண்டறியும்' என்கிறார்கள். உண்மையில் இது அணுக்கள் இறங்கியிருப்பதை மட்டுமே சொல்கிறது. எந்தக் கிருமி என்று சொல்லாது. கறப்பவர் கை வழியே மாடுவிட்டு மாடு தொற்றும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸா, ஐப்பசி கார்த்திகையில் கொட்டகைச் சேற்றிலிருந்து ஏறும் ஈ. கோலியா என்று தட்டுக்குத் தெரியாது. இரண்டுக்கும் வைத்தியமும் வேறு, தடுப்பும் வேறு. அதனால் தட்டில் 2, 3 காட்டிய காம்பிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் சரியான அடுத்த படி. புதுச்சேரிப் பக்கம் குரும்பாபேட்டை ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் கால்நடைத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவை உங்கள் கால்நடை மருத்துவர் மூலம் அணுகலாம். என்ன நாளில் மாதிரி வாங்குகிறார்கள் என்று போனில் கேட்டுக்கொண்டு போவது அலைச்சலை மிச்சப்படுத்தும்.

மாதிரி எடுப்பதில் செய்யும் தவறுதான் ஆய்வக முடிவைக் கெடுக்கும் முதல் காரணம். ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். போட்ட பிறகு எடுத்தால் 'கிருமி வளரவில்லை' என்று வரும், மாடு மட்டும் குணமாகியிருக்காது. காம்பு நுனியை 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால், பஞ்சில் அழுக்கு ஏறாத வரைக்கும் துடைக்க வேண்டும். துடைக்கும்போது தூரத்துக் காம்பிலிருந்து ஆரம்பித்து அருகிலுள்ளதில் முடியுங்கள். மாதிரி எடுக்கும்போது தலைகீழ்: அருகிலிருப்பதில் ஆரம்பித்துத் தூரத்துக்குப் போங்கள். அப்போதுதான் துடைத்த காம்பில் முழங்கை உரசாது. கிருமி நீக்கிய (ஸ்டெரைல்) குழாயை நிமிர்த்திப் பிடிக்காமல் படுக்கை வாக்கில் சாய்த்துப் பிடித்தால் மடியிலிருந்து உதிரும் முடியும் சாணித் தூசும் உள்ளே விழாது. மூடியைத் தரையில் வைக்கக் கூடாது, சுண்டுவிரலில் இடுக்கிக்கொள்ளலாம். சில மில்லி போதும், குழாய் நிறைய வேண்டாம். மாட்டின் காதுத் தோட்டிலுள்ள 12 இலக்க எண், எந்தக் காம்பு, தேதி மூன்றையும் குழாயிலேயே எழுதி, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் அன்றைக்கே சேர்க்க வேண்டும். சாராயப் பாட்டிலைக் கழுவிப் பால் பிடித்துக் கொண்டுவருவது இன்னும் நடக்கிறது. அதில் வளர்வது பாட்டில் கிருமி. இன்னொன்று, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தினமும் பாலில் இறங்குவதில்லை. விட்டுவிட்டு வரும். ஒருமுறை இல்லை என்று வந்தும் தட்டு தொடர்ந்து 2 காட்டினால் மறுமாதிரி கொடுங்கள்.

கிட்டோடு சேர்த்துக் கடைகளில் புருசெல்லா கிருமியால் வரும் கன்று வீச்சு நோய்க்கும் 'வீட்டிலேயே பார்க்கலாம்' என்று ஆன்டிஜன் (சோதனை மருந்து) விற்க ஆரம்பித்தால் வாங்காதீர்கள். புருசெல்லா விஷயமே வேறு. மனிதர்களுக்கும் தொற்றி, விட்டுவிட்டு மாதக்கணக்கில் காய்ச்சல் தரும் கிருமி அது. மாடு சினையின் கடைசி மூன்று மாதங்களில் கன்று வீசினால், நஞ்சுக்கொடி தங்கினால், வெறுங்கையால் தொடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை ஊர்திக்கு 1962. இதற்கு ஆய்வகத்தில் செய்யப்படுவது ரோஸ் பெங்கால் சோதனை: இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரம் 30 மைக்ரோலிட்டர், அதே அளவு இளஞ்சிவப்பு ஆன்டிஜன், தட்டில் கலந்து 4 நிமிடம் ஆட்டிப் பார்த்தால் மணல்போலத் துகள் கட்டும். கன்று வீசிய அன்றே இல்லை என்று வந்தாலும் நம்பிவிடக் கூடாது, எதிர்ப்பொருள் ஏற நாளாகலாம், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒருமுறை போடும் எஸ்19 தடுப்பூசியும் கொஞ்ச காலம் இந்தச் சோதனையில் 'உண்டு' காட்டும். தடுப்பூசி போட்ட தேதியைச் சொல்லாமல் இரத்தம் கொடுத்தால் நல்ல மாட்டுக்குக் கெட்ட பெயர் வரும்.

புருசெல்லாவுக்குச் சொசைட்டி அளவில் பயன்படக்கூடியது பால் வளையச் சோதனை. நன்றாகக் கலக்கிய பச்சைப்பால் 1 மில்லியைச் சிறு குழாயில், பால் உயரம் குறைந்தது 25 மில்லிமீட்டர் நிற்கும்படி எடுத்து, நீலச் சாயமேற்றிய ஆன்டிஜன் 30 மைக்ரோலிட்டர் விட்டு 37 டிகிரியில் 1 மணி நேரம் வைப்பார்கள். மேலே மிதக்கும் ஆடை நீலமாகி அடியிலுள்ள பால் வெளுத்தால் உண்டு. ஆடை வெள்ளையாகவும் அடிப்பால் நீலமாகவும் நின்றால் இல்லை. ஆடை மேலே வந்தால்தான் சோதனையே நடக்கும் என்பதால் ஆடை பிரியாதபடி ஹோமோஜினைஸ் செய்த பாக்கெட் பாலில் இது பலிக்காது. காய்ச்சிய பாலிலும், உறைந்த பாலிலும், பைக்கில் கட்டிப் பத்துக் கிலோமீட்டர் குலுங்கி வந்த பாலிலும் அப்படியே. ஆட்டுப்பாலுக்கு இது உதவாது. மடிநோயுள்ள மாட்டுப் பாலும் சீம்பாலும் பொய்யாக வளையம் காட்டும். நாலு கிண்ணத் தட்டு இங்கே மறுபடியும் கைகொடுக்கும்: முதலில் தட்டில் பார்த்து, கோழை கட்டுகிற மாடுகளின் பாலை ஒதுக்கிவிட்டுத்தான் வளையத்துக்கு அனுப்ப வேண்டும்.

இந்த ஆன்டிஜன்கள் 4 டிகிரியில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. 2011 தானே, 2024 ஃபெஞ்சல் மாதிரிப் புயலில் கரண்ட் போய்க் குளிர்பெட்டி சூடேறிய பாட்டிலை, தேதி இருக்கிறதே என்று பயன்படுத்தினால் முடிவு என்ன வந்தாலும் அதற்கு அர்த்தமில்லை. சி.எம்.டி. மருந்துக்கு இந்தக் கவலை கிடையாது, அறை வெப்பத்திலேயே இருக்கும். தனியாள் வாங்கிவைக்க ஏற்றது அதுவே என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதகடிப்பட்டுச் சந்தையில் கறவை மாடு பிடிக்கப் போகிறவர்களுக்கும் தட்டு உதவும். விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. ஆனால் சந்தை மாட்டின் மடி பெரிதாகத் தெரியட்டும் என்று ஒருவேளைக் கறவையை நிறுத்தியே கொண்டுவருவார்கள். அப்படிப்பட்ட மாட்டில் வரும் ட்ரேஸைப் பெரிதாக எடுக்காதீர்கள், ஒரு கிண்ணம் மட்டும் 2 காட்டினால் விலையைப் பேசுவதற்கு முன் கயிற்றை விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: காலாவதித் தேதி, கலக்க வேண்டிய விகிதம் லேபிளில் தெளிவாக இருக்கிறதா, தட்டின் கிண்ணங்களுக்குள் அளவுக் கோடு இருக்கிறதா. கோடில்லாத மலிவுத் தட்டு வந்தால் ஊசி போடும் சிரிஞ்சால் 2 மில்லி அளந்து ஒருமுறை ஊற்றி, பேனாவால் கோடு போட்டுக்கொள்ளலாம். தட்டில் கீறல் விழுந்தால் மாற்றிவிடுங்கள், கீறலில் ஒட்டும் பால் கழுவினாலும் போகாது. பார்த்து முடித்த பாலைக் கொட்டகைத் தரையில் வீசாதீர்கள், பூனைக்கும் கன்றுக்கும் காட்டாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த ஒரு வாளியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அதில் ஊற்றுங்கள், முதல் பீச்சல் விட்ட கறுப்புக் கிண்ணத்தையும் அதிலேயே கவிழ்த்துவிடலாம்.